பேச்சைக் கேட்காத பிள்ளைக்கு எங்கே உதவி கேட்பது: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு

"ரெண்டு தட்டு தட்டி மிரட்டி அனுப்புங்க சார்" என்று காவல் நிலையத்தில் போய் நின்ற அம்மாக்களில் நானும் ஒருத்தி. என் மூத்தவனுக்கு அப்போது பதினைந்தரை வயது. பள்ளிக்குக் கிளம்பித் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வருவது, வீட்டில் பணம் எடுப்பது, கேட்டால் கதவை அறைந்து சாத்துவது, அப்புறம் ஒருநாள் ராத்திரி முழுக்க வராமலே போனது. மிரட்டினார்கள். அவனும் பயந்தான். ஆனால் அதற்கப்புறம் எட்டு மாதம் அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அந்தக் காவல் நிலையத்துக்கு அவனைக் கூட்டிப்போனது நான்தான் என்பதை அவன் மறக்கவே இல்லை. அந்த எட்டு மாதத்தில் அலைந்து தெரிந்துகொண்டதை, இன்று அதே இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சொன்ன பேச்சைக் கேட்காதது குற்றம் இல்லை. அதற்காக ஒரு பிள்ளையைப் பிடித்து வைக்க எந்தக் காவலருக்கும் அதிகாரம் கிடையாது. முன்பு நிலைமை வேறு: 1986-ல் வந்த சிறார் நீதிச் சட்டத்தில் கட்டுக்கடங்காத சிறார் என்றே ஒரு பிரிவு இருந்தது, என்னால் சமாளிக்க முடியவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தால் பிள்ளையைக் கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணை முடியும்வரை சிறாரைத் தங்க வைக்கும் இடம்) வைத்து விசாரிக்கலாம். 2000-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு போய்விட்டது, ஆனாலும் பிள்ளையைக் கட்டுப்படுத்த இயலாத பெற்றோர் என்ற சொற்கள் வேறோர் இடத்தில் மிச்சம் இருந்தன. இப்போது நடப்பில் இருக்கும் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அதையும் மாற்றி, பிள்ளையைப் பராமரித்து அதன் பாதுகாப்பையும் நலனையும் காக்க இயலாத பெற்றோர் என்று எழுதியிருக்கிறது. இது மத்தியச் சட்டம், கடலூருக்கும் ஒன்றுதான், புதுச்சேரிக்கும் ஒன்றுதான்.

இந்தச் சொல் மாற்றத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இதில்தான் எல்லாமே இருக்கிறது. எந்த அலுவலகத்துக்குப் போய் "அடங்க மாட்டேங்கிறான்" என்று சொன்னாலும் அங்கே இருப்பவர்கள் கையில் உங்களுக்குத் தர ஒன்றும் இல்லை, புத்திமதிதான் கிடைக்கும். "இவனுக்கு இன்ன ஆபத்து இருக்கிறது, என்னால் தனியாகப் பாதுகாக்க முடியவில்லை" என்று சொன்னால் அதைக் கேட்கவும் செயல்படவும் அவர்களுக்குச் சட்டக் கடமை இருக்கிறது.

குழந்தைகள் நலக் குழுவுக்கு மனு எழுதுவதற்கு முன்னால்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனான், எப்போது வந்தான், யாருடன் இருந்தான், என்ன காணாமல் போனது, அன்று வீட்டில் என்ன பேச்சு நடந்தது, நீங்கள் அடித்திருந்தால் அதையும். நல்லபடியாக இருந்த நாட்களையும் எழுதுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆலோசனைக்குப் போனபோது அங்கிருந்த அம்மா "அவன் எந்தெந்த நாள்ல சண்டை இல்லாம இருந்தான்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை, கெட்டதை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நோட்டு இரண்டு வாரம் ஓடட்டும். இதற்கிடையில் ஆஸ்பத்திரி. பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், "என் பிள்ளைக்குப் பைத்தியமா" என்ற கூச்சத்தில். முன்பு நன்றாக இருந்த பிள்ளை ஆறு மாதத்தில் தலைகீழாக மாறினால், தூக்கம் கெட்டுப் பகலும் இரவும் மாறிப் போனால், சாப்பாடு குறைந்தால், தன்னைத் தானே கீறிக்கொண்டால், செத்துப்போறேன் என்று ஒரே ஒரு தடவை விளையாட்டாகச் சொன்னால்கூட முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை, எந்த அறையில் பார்க்கிறார் என்று கேளுங்கள், சிதம்பரம் பக்கம் என்றால் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர், அதன் மனநலப் பிரிவு. கடலூரில் இருந்தும் பலர் அங்கேதான் போகிறார்கள், காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் போக முடியும்.

நேரில் போக முடியாத ராத்திரிகளுக்கு 14416. இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. பெற்றோரும் பேசலாம். போதைப் பழக்கம்தான் பிரச்சினை என்றால் 14446.

என் மகன் விஷயத்தில் மூன்று சந்திப்புகள் ஆயின. நாங்கள் திமிர் என்று நினைத்தது திமிர் இல்லை, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவனுக்குக் கணக்கும் ஆங்கிலமும் பிடிபடாமல் போய், வகுப்பில் எழுந்து நிற்க வைத்து அவமானப்படுத்தியதில், பள்ளி இருக்கும் தெருவையே வெறுத்திருக்கிறான். வீட்டில் இதைச் சொன்னால் "படிக்காம சுத்தினா எப்படிப் புரியும்" என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

குழந்தைகள் நலக் குழு

ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டிய அமைப்பு இது, புதுச்சேரியிலும் உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒருவராவது பெண். மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும் என்பது சட்டம். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு, ஆனால் இது தண்டனை கொடுக்கும் இடம் இல்லை. பதினெட்டு நிறையாத, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடம். ஓடிப்போன பிள்ளை, காணாமல் போன பிள்ளை, போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் நிலையில் இருக்கும் பிள்ளை, எல்லாம் இதற்குள் வரும்.

எப்படிப் போவது? 1098-க்குப் பேசுவது சுலபமான வழி. இது குழந்தைகளுக்கான உதவி எண், இப்போது அரசே நடத்துகிறது, 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேராகப் போகலாம், இடம் தெரியாவிட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தாலும் சுற்றி இங்கேதான் வரும், சுற்றாமல் நேராகப் போவது நல்லது. புதுச்சேரியில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் கேட்கலாம்.

மனு ஒரு பக்கம் போதும். நான் முதலில் எழுதியது நாலு பக்கம், முழுக்க அழுகை, அதைப் படித்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே புரியவில்லை. இரண்டாவது தடவை எழுதியது ஏறக்குறைய இப்படி:

"என் மகன் வயது 15 வருடம் 9 மாதம். பிறப்புச் சான்று நகல் இணைத்துள்ளேன். கடந்த மூன்று மாதத்தில் ஆறு முறை இரவில் வீட்டுக்கு வரவில்லை, தேதிகள் கீழே உள்ளன. வயதில் பெரிய இருவர் அவனைத் தங்கள் வண்டியில் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்கிறார்கள். இரண்டு முறை மது வாசனையோடு வந்தான். பள்ளிக்குச் சென்று 41 நாட்கள் ஆகின்றன. அவன் அப்பா வெளியூரில் வேலை, நான் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் இல்லை. அவன் பாதுகாப்புக்காகவும், ஆலோசனைக்காகவும், பள்ளியில் திரும்பச் சேர்ப்பதற்காகவும் உதவி கேட்கிறேன். அவன் எங்களோடு வீட்டில் இருப்பதையே நாங்கள் விரும்புகிறோம்."

கடைசி வரி முக்கியம், விட்டுவிடாதீர்கள். ஆத்திரத்தில் "நீங்களே வச்சுக்குங்க, எங்களுக்கு வேணாம்" என்று சொல்லும் பெற்றோரைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் பிள்ளையை ஒப்படைப்பு செய்வது என்று தனியாக ஒரு நடைமுறை இருக்கிறது, அதில் கையெழுத்துப் போட்டால் மறுபரிசீலனைக்கு இரண்டு மாத அவகாசம், அப்புறம் பிள்ளை உங்கள் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சைப் பிள்ளை முன்னால் பேசவே பேசாதீர்கள். அவன் காதில் விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது.

மனு கொடுத்தபின் குழு ஒரு சமூகப் பணியாளரையோ குழந்தைகள் நல அலுவலரையோ வீட்டுக்கு அனுப்பி விசாரித்து அறிக்கை கேட்கும். வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் வரவில்லை, பயப்படாதீர்கள். பிள்ளையிடம் தனியாகப் பேசுவார்கள், நீங்கள் வெளியே உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, உள்ளே என்ன சொல்கிறானோ என்று. ஆனால் உள்ளே இருந்த பெரியவர் "தம்பி, நீ சொல்லு, நாங்க கேக்குறோம்" என்று ஆரம்பித்ததாகவும், யாரும் இடையில் பேசவில்லை என்றும் அவனே பின்னால் சொன்னான்.

அதற்குமேல் குழு என்ன செய்யலாம்? பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டு, ஓர் அலுவலர் அவ்வப்போது வந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். குடும்பத்துக்கே ஆலோசனை சொல்லலாம். சிகிச்சைக்கு அனுப்பலாம். வீட்டில் உண்மையிலேயே ஆபத்து என்றால் கொஞ்ச நாள் பதிவு பெற்ற இல்லத்தில் வைக்கலாம். முதல்முறை குழு முன் வந்ததிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். கணவரை இழந்த, கைவிடப்பட்ட அம்மா தனியாக வளர்க்கும் பிள்ளை, அல்லது பெற்றோர் தீராத நோயில் கிடக்கும் பிள்ளை என்றால், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம், கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். நிறைய பேர் இதைக் கேட்பதே இல்லை. அம்மா இரண்டு ஷிப்ட் பார்க்கிற வீட்டில் அந்த 4,000 ரூபாய் சாயங்காலம் ஒரு ஷிப்டை விடுவதற்கான காசு.

பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் யாரும் வெளியிடக் கூடாது, அது குற்றம். அதே காரணத்துக்காக நீங்களும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவனைப் பற்றிப் போடாதீர்கள்.

காணாமல் போனால்

24 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்பது பொய். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் உடனே எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. "ஃப்ரண்டு வீட்டுக்குப் போயிருப்பான், காலையில வந்துடுவான்" என்று திருப்பி அனுப்பினால், எந்தக் காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள், கூடவே அங்கிருந்தே 1098-க்குப் பேசுங்கள். பிள்ளை புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிப் போய்விட்டான், இது எங்கள் எல்லை இல்லை என்று சொல்லவும் முடியாது, எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பியாக வேண்டும். ரயிலில் போயிருப்பான் என்று சந்தேகம் இருந்தால் ரயில்வே உதவி எண் 139. நம் ஊர்ப் பிள்ளைகள் ஓடினால் விழுப்புரம் போய்ச் சென்னை வண்டி ஏறுவதுதான் வழக்கம், ரயில்வே பாதுகாப்புப் படையினர் தனியாகத் திரியும் பிள்ளைகளை மீட்டு அந்த ஊர் நலக் குழுவிடம் ஒப்படைக்கிறார்கள், அங்கிருந்து நம் மாவட்டக் குழுவுக்கு மாற்றுவார்கள். போட்டோ, கடைசியாகப் போட்டிருந்த சட்டை நிறம், ஆதார் நகல், போன் எண், இவை கையில் இருக்கட்டும். நான்கு மாதத்தில் கண்டுபிடிக்கவில்லை என்றால் வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும்.

திரும்பி வந்த அன்று சோறு போடுங்கள். கேள்வி மறுநாள்.

வண்டியும் சரக்கும்

நம் பகுதிக்கென்றே இருக்கிற தலைவலி இது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது, புதுச்சேரியில் 18. கடலூரிலிருந்து முள்ளோடை எத்தனை நிமிடம் என்று உங்களுக்கே தெரியும். பதினாறு வயதுப் பையன்களுக்குக் கடையில் கொடுக்காவிட்டாலும் பெரிய பையன் யாராவது வாங்கிக் கொடுக்கிறான். அதைவிட மோசம், "இந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா, இருநூறு தர்றேன்" என்று பிள்ளைகளை வைத்து எல்லை தாண்டிச் சரக்குக் கடத்துவது. சின்னப் பையன் மாட்டினால் பெரிய தண்டனை இல்லை என்று கணக்குப் போட்டுத்தான் அவர்களை அனுப்புகிறார்கள். ஆனால் பிள்ளைக்கு மது, போதைப்பொருள், புகையிலை கொடுப்பவருக்கும், பிள்ளையை வைத்து அவற்றை விற்கவோ கடத்தவோ செய்பவருக்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு, இளைஞர் நீதிச் சட்டத்தின் 77, 78 பிரிவுகள். மகனை மிரட்டப் போலீஸுக்குப் போகாதீர்கள், அவனைப் பயன்படுத்துகிறவன் மேல் புகார் கொடுக்கப் போங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை உடனே புரிந்துகொள்வான். அம்மா யார் பக்கம் நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

வண்டி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். லைசென்ஸ் இல்லாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குற்றவாளி பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோதான்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். சாவியை ஆணியில் மாட்டாதீர்கள். இரவில் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் அப்பாக்கள் இருக்கிறார்கள், அது சரியான காரியம்.

வழக்கில் மாட்டிக்கொண்டால்

அடிதடி, திருட்டு, எதுவானாலும் பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. கை விலங்கு கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமம் முன் கொண்டுபோக வேண்டும், அங்கே ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். கொலைபோன்ற கொடுங்குற்றம் இல்லை, பெரியவர்கள் யாரும் சேர்ந்து செய்யவும் இல்லை என்றால், எஃப்.ஐ.ஆர் போடாமல் பொது நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்னணி அறிக்கையோடு அனுப்புவதுதான் விதி. ஜாமீன் என்பது பெரும்பாலும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் கூர்நோக்கு இல்லம், அது கடலூரிலேயே இருக்கிறது.

நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்தில் ஓர் அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கையில்தான் உங்கள் நாற்பது பக்க நோட்டு உயிர் பெறும். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள், முக்கியமாக வீட்டில் குடி இருந்தால், சண்டை இருந்தால். எச்சரித்து வீட்டுக்கு அனுப்புவதிலிருந்து சமூக சேவை, குழு ஆலோசனை, நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம் வரை குழுமம் உத்தரவு போடலாம். பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் கொடுங்குற்றம் என்றால் மட்டும் நிலைமை வேறு, அப்போது வக்கீல் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

வக்கீலுக்குக் காசு இல்லையா? 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, புதுச்சேரியிலும் நீதிமன்றத்தில் உண்டு, போனில் என்றால் 15100. வாசலில் வந்து பேரம் பேசுபவர்களிடம் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு அங்கே போனவர்களை எனக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகள்

மகன் வெளியே சுற்றினால் கோபம் வருகிறது, மகள் போனில் யாரிடமோ பேசினாலே வீடு தீப்பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. அப்புறம் எடுக்கிற முடிவுகள்தான் பயங்கரம். பதினாறு வயதில் படிப்பை நிறுத்தி மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிடலாம் என்று இன்னும் பேசுகிறார்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாத திருமணத்தை நடத்தி வைத்த பெற்றோர், மண்டபக்காரர், ஐயர் எல்லோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அந்தப் பிள்ளையே மாவட்ட சமூக நல அலுவலரிடமோ 1098-லோ சொன்னால் நீதிமன்றத் தடை வாங்கி நிறுத்துவார்கள். நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, காதலித்த பையனோடு போய்விட்டால். அவளுக்குப் பதினெட்டு நிறையாதவரை அவள் சம்மதித்தாளா என்பதைப் போக்சோ சட்டம் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பார்ப்பதில்லை, பையன் மேல் வழக்கு வரும், அவனும் பதினேழு என்றால் அவனும் ஒரு குழந்தைதான், அவனுடைய அம்மாவும் உங்களைப்போல எங்கேயோ அழுதுகொண்டிருப்பாள். பயமுறுத்தியோ ஏமாற்றியோ உங்கள் மகளுக்குக் கொடுமை நடந்திருந்தால் ஒரு நிமிடமும் தயங்காதீர்கள், 1098 அல்லது பெண்களுக்கான உதவி எண் 181. ஆனால் மானம் போய்விட்டது என்பதற்காக மட்டும் நடக்காததை எழுதிக் கொடுக்காதீர்கள். அவள் பிறகு நடுவர் முன்னால் வாக்குமூலம் சொல்ல வேண்டியவள்.

ஊர், உறவு, பள்ளி

அலுவலகங்கள் மாதம் ஒரு தடவை வந்து பார்க்கும். தினமும் பார்ப்பது தெரு. எங்களுக்கு உதவியது அவன் சின்ன மாமா. திட்டவே இல்லை, வாரத்தில் மூன்று சாயங்காலம் தன்னுடைய பட்டறைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். உங்கள் பிள்ளை யார் சொன்னால் காது கொடுக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள், சித்தப்பாவாக இருக்கலாம், கபடி சொல்லிக்கொடுக்கிற அண்ணனாக இருக்கலாம், மளிகைக் கடை அக்காவாகவும் இருக்கலாம். அந்த ஒருவரிடம் போய், "அறிவுரை சொல்ல வேண்டாம், கொஞ்ச நேரம் கூட வச்சுக்குங்க" என்று கேளுங்கள். கிராமத்தில் இருந்தால் ஊராட்சித் தலைவர் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அங்கன்வாடி டீச்சருக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்கும்.

மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து ஒரு பேச்சு சொன்னால் எல்லோரும் கேட்பார்கள், பெரியவர்கள் கூட்டிப்போய் வைத்துப் பேசினால் அது பெரிய பலம். ஆனால் ஊர் நடுவில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பது, அபராதம், கட்டி வைத்து அடிப்பது, இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே அடித்து வதைத்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம், அதில் அப்பா, அம்மாவுக்கு விலக்குக் கிடையாது.

பள்ளியில் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று மிரட்டினால், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 14417-ல் புகார் சொல்லலாம், படிப்பு பற்றிய யோசனையும் கேட்கலாம். அதற்கு மேல் வகுப்பு என்றால் சண்டை போடுவதைவிட மாற்று வழி பாருங்கள். என் மகன் பத்தாவதைத் தட்டுத் தடுமாறி முடித்துவிட்டு ஐ.டி.ஐ-யில் ஃபிட்டர் சேர்ந்தான், 14 வயது முடிந்தாலே சேரலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேலே படிக்கிற பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம். கையில் கருவி வந்ததும் ஒரே நாளில் மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காலையில் தானாக எழுந்தான்.

பணம் வாங்கிக்கொண்டு திருத்துகிறோம் என்பவர்கள்

பையனை எங்களிடம் விடுங்கள், மூன்று மாதத்தில் தங்கமாகத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லும் இடங்களில் சேர்க்கும் முன் இரண்டு கேள்வி. குழந்தைகளைத் தங்க வைக்கும் இல்லம் என்றால், இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், பதிவு இல்லாமல் நடத்துவது குற்றம். போதை மறுவாழ்வு மையம் என்றால், 2017 மனநலச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சேர்க்க ஒரு மனநல மருத்துவராவது உள்ள இரண்டு வல்லுநர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்துப் படுக்க வைக்கக் கூடாது, நீங்களோ நீங்கள் சொல்லும் ஒருவரோ எல்லா நேரமும் கூடவே இருக்க வேண்டும், மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும். "முதல் மாசம் பாக்கவே கூடாதுங்க, அப்பதான் சரியா வரும்" என்று சொன்னால் அந்த வாசலிலேயே திரும்பிவிடுங்கள். ராத்திரியில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவோம் என்று ஒரு இடத்தில் என்னிடம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். நான் போனை வாங்கி வைத்துவிட்டேன்.

வயதைக் கணக்குப் பாருங்கள்

பிறப்புச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மார்க் சீட்டை எடுத்து, பதினெட்டு நிறைய இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணுங்கள். புதிதாக எது நடந்தாலும் நலக் குழு, இளைஞர் நீதிக் குழுமம் இரண்டும் அந்தத் தேதிவரைதான். மறுநாள் அதே அடிதடி, அதே பை, அதே வண்டி என்றால் பெரியவர்களுக்கான நீதிமன்றம், பெரியவர்களுக்கான சிறை. பதினைந்து என்றால் நோட்டு எழுத இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு தாண்டிவிட்டது என்றால் நோட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நினைவில் இருக்கும் தேதிகளை இன்று ராத்திரியே எழுதி, பிறப்புச் சான்றையும் ரேஷன் கார்டையும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொண்டு, நாளை காலை பத்து மணிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருங்கள்.